நலப் பகுதி: தந்தைக்கு வந்த நோய் மகனுக்கும் வருமா?

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து அனைவரும் கலையும் வேளையில், அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துச் சென்று ஒரு வினா விடுத்தார். அவ்வினாவை அவர் சொல்லிலேயே இங்குத் தருகிறோம்.

"என் பாட்டனார் வயிற்று நோயால் மாண்டார் என்று ஊரில் சொல்வார்கள். என்ன நோய் என்று எவருக்கும் தெரியாது. என் தந்தையார் இரைப்பைப் புற்றினால் 61-ஆம் வயதில் காலமானார். எனக்கு இப்பொழுது 52 வயது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் நோயைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்கிறார்கள் வீட்டில். மறைப்பதும் சொல்வதும் இருக்கட்டும். உண்மையைச் சொல்லுங்கள், இந்த நோய் எங்கள் இரத்தத்திலேயே ஓடுகிறதா?"

உடனே மறுமொழி கூற நம்மால் இயலவில்லை. எளிய சொற்களால் ஆறுதல் கூறி அனுப்புவதும் நேர்மையன்று எனத் தோன்றிற்று. ஆதலின் நூல்களைப் புரட்டியும், அறிந்த மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இத்திங்கள் எழுதுகிறோம். அன்பர் ஒருவர் கேட்டாராயினும், கேளாமல் மனத்துள் வைத்திருப்போர் நம்மிடையே பலர் இருப்பர் என்பதில் ஐயமில்லை.

இவ்வச்சம் புதிதன்று. பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியனின் தந்தை 1785-ல் இரைப்பைக் கட்டியால் இறந்தார். நெப்போலியன் 1821-ல் செயின்ட் ஹெலினாத் தீவில் சிறையிருந்தபோது வயிற்று நோயால் நலிந்து, தான் இறந்த பின் தன் இரைப்பையை அறுத்துச் சோதிக்க வேண்டும் என்றும், கண்டதைத் தன் மகனுக்குத் தெரிவித்து எச்சரிக்க வேண்டும் என்றும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டான். அரை உலகத்தை நடுங்கவைத்தவனும் மரணப் படுக்கையில் நம் அன்பரின் வினாவையே கேட்டான் எனலாம். பழைய குறிப்புகளைக் கொண்டு 2007-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியோ, அவனுக்கு வந்தது தந்தைவழிச் சொத்தாக இருப்பதைவிட, கிருமியொன்றினால் நெடுநாள் புண்பட்ட இரைப்பையில் தோன்றிய புற்றாக இருக்கவே இடமுண்டு எனக் கருதிற்று. அக்கிருமியைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

முதலில், புற்று எவ்வாறு தொடங்குகிறது என்பதைக் காண்போம். நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நெடிய சுவடி ஒன்று உண்டு. நான்கே எழுத்துக்களால், ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்ட சுவடி அது. உயிரணு எப்போது பெருக வேண்டும், எப்போது ஓய வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்ற கட்டளைகளெல்லாம் அதில் அடங்கியுள்ளன. கட்டளைகள் எழுதப்பட்ட பகுதிகளையே மரபணுக்கள் என்கிறோம். இரைப்பையின் உட்புறத்தைப் போர்த்திய சவ்வு அமிலத்துக்கும் உணவுக்கும் நாள்தோறும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால், தன் மேற்பரப்பைச் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறது. உயிரணு ஒன்று இரண்டாகும் ஒவ்வொரு முறையும் இந்தச் சுவடி முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும்.

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த நம் பெரியோர்கள் இருவகைத் துன்பங்களைச் சொல்வார்கள். ஒன்று, ஏடு எழுதினோர் செய்த பிழை. ஓர் எழுத்து மாறும், அல்லது ஒரு வரி விட்டுப்போகும்; பொருளே திரிந்துவிடும். மற்றொன்று, எழுத்தில் பிழையே இராது. ஆனால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கவே வாராமல் இருக்கும். செய்யுள் உள்ளே பழுதின்றி இருக்கிறது, படிப்பதற்குத்தான் வழியில்லை.

புற்றுநோயிலும் இவ்விருவகையே நிகழ்கின்றன. எழுத்துப் பிழையை மரபணு மாற்றம் என்பர். உயிரணுவுக்குக் காவலாக நிற்கும் டி.பி.53 என்னும் மரபணுவில் இத்தகைய பிழை, இரைப்பைப் புற்றுக்களில் ஏறத்தாழ பாதியில் காணப்படுகிறது. ஏடு ஒட்டிக்கொள்வதைப் போன்ற மாற்றத்தை எபிஜெனடிக் மாற்றம் என அழைக்கின்றனர். இதில் மெதில் எனப்படும் சிறு வேதித் துணுக்குகள் மரபணுவின் தொடக்கப் பகுதியில் வரிசையாக வந்து ஒட்டுகின்றன. எழுத்து அப்படியே இருக்கும். கட்டளை மட்டும் வாய்மூடிப் போகும்.

இப்போது அன்பரின் வினாவுக்கு வருவோம். இம்மாற்றங்களில் பெரும்பாலானவை, ஒருவர் பிறந்து வளர்ந்து வாழும் காலத்தில், அவருடைய இரைப்பைச் சவ்விலேயே தோன்றுபவை. அவை அவரோடே பிறந்து அவரோடே மறைகின்றன, மக்களுக்குச் செல்வதில்லை. தந்தையின் இரைப்பையில் நேர்ந்த பிழை மகனின் உடலில் எழுதப்பட மாட்டாது. கருவிலேயே வந்து சேரும் பிழையினால் உண்டாகும் இரைப்பைப் புற்று, 100-க்கு ஒன்று முதல் மூன்று வரையே எனக் கணக்கிட்டுள்ளனர்.

எனினும், அச்சிறு தொகையினருக்கு அது சிறு செய்தியன்று. நியூஜீலந்தின் வடதீவில் வாழும் மவோரி இனக் குடும்பம் ஒன்றின் வரலாறு இதற்குச் சான்று. பெருங்குடும்பமான அதில் ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குள் 25 பேர் இரைப்பைப் புற்றால் மாண்டனர். அவருள் மிக இளையவருக்கு வயது 14. குலத்தின் மேல் விழுந்த சாபம் என்று அஞ்சியவர்களும் உண்டு. ஆனால் அக்குடும்பத்தார் அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. வம்சாவளியைப் போற்றிக் காப்பது மவோரி மக்களின் மரபு. யாருக்கு யார் மகன், எவர் எந்த வயதில் எந்நோயால் இறந்தார் என்பதை அவர்கள் திரட்டிக்கொண்டு, தாமே ஆராய்ச்சியாளரை நாடினர். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபர்டும் அவர் குழுவினரும் அக்குடும்பத்தாரோடு சேர்ந்து உழைத்து, 1998-ல் காரணத்தைக் கண்டு வெளியிட்டனர். சி.டி.எச்.1 என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. சாபம் என்று அஞ்சியது ஓர் எழுத்துப் பிழையாயிற்று.

அந்த மரபணு ஆக்கும் பொருளின் பெயர் ஈ-கெடெரின். பக்கத்துப் பக்கத்து உயிரணுக்கள் கைகோத்து நிற்பதற்கு அதுவே பிடி. பிடி நழுவினால் உயிரணுக்கள் வரிசை குலைந்து, தனித்தனியே இரைப்பைச் சுவருக்குள் ஊடுருவிப் பரவும். பின்லாந்து நாட்டு மருத்துவர் லௌரேன் 1965-ல் இரைப்பைப் புற்றை இரு வகையாகப் பிரித்தார். குடல் வகை என்பது ஒன்று, பரவு வகை என்பது மற்றொன்று. மவோரிக் குடும்பத்தில் வந்தது பரவு வகை.

இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. நமக்கு ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு படிகள் இருக்கின்றன. ஒன்று பழுதாயினும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவ்வாறாயின் அக்குடும்பத்தினருக்கு நோய் ஏன் வந்தது? நல்ல நிலையிலிருந்த இரண்டாம் படியும் பல இடங்களில் மெதில் ஒட்டி வாய்மூடிப் போயிருந்தது என 2000-ல் கண்டறிந்தனர். அதாவது, பிறப்பில் வந்த பிழை ஒன்று. வாழ்வில் நேர்ந்த ஒட்டல் மற்றொன்று. இரண்டும் கூடிய இடத்தில்தான் புற்று தலைகாட்டிற்று. குறையுள்ள மரபணுவைப் பெற்ற எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதும் இதனால் விளங்கும். அத்தகையோருள் 100-க்கு 70 பேருக்கு மேல் புற்று வரும் என முதலில் கணக்கிட்டனர். பின்வந்த ஆய்வுகள் அத்தொகையைப் பெரிதும் குறைத்துள்ளன.

பெற்றோருள் ஒருவருக்கு இப்பிழை இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதும் வாராமையும் சரிபாதி. இரத்தச் சோதனையொன்றால் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை எனப் பிரித்தறியலாம். இல்லாதவர் அன்றே நிம்மதியடையலாம். உள்ளவர்க்கு உள்நோக்குச் சோதனையும், வேண்டுமாயின் நோய் வருமுன்னரே இரைப்பையை அகற்றும் அறுவையும் உண்டு. இரைப்பையின்றி வாழ இயலுமா என வியக்க வேண்டா. சிறிது சிறிதாகப் பலமுறை உண்டும், பி12 வைட்டமினைத் தவறாது பெற்றும் பலர் வாழ்ந்துவருகின்றனர்.

எஞ்சிய பெருந்தொகையினரின் இரைப்பையில் ஏடுகளை ஒட்டவைப்பது எது? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள் 1982-ல் ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தனர். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. தம்மை எவரும் நம்பாமை கண்டு, மார்ஷல் 1984-ல் அக்கிருமிக் கரைசலைத் தாமே அருந்தினார். சில நாட்களில் இரைப்பை அழற்சி கண்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர். 1994-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் இதனைப் புற்று விளைவிப்பவற்றின் முதல் வரிசையில் சேர்த்தது. 2005-ல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, குடும்பத்தினரிடமிருந்தே தொற்றுகிறது. மருந்து கொடுத்து அகற்றாவிடில் பல பத்தாண்டுகள் தங்குகிறது. கிருமி உள்ளோருள் 100-க்கு ஓரிருவர் முதல் மூவருக்கே புற்று வருகிறது. ஆயினும் தொற்றியோர் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருப்பதால் மொத்தத் தொகை பெரிதாகிவிடுகிறது. 2022-ல் மட்டும் உலகில் ஏறத்தாழ 9,68,000 பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்று கண்டது. 6,60,000 பேர் அதனால் மாண்டனர்.

கிருமி தங்கிய இரைப்பையில் அழற்சி ஓயாது கனன்றுகொண்டிருக்கிறது. அதனால் சவ்வு மெலிகிறது. பின் குடற்சவ்வின் சாயலைப் பெறுகிறது. பின் வரிசை குலைகிறது. கடைசியில் சிலரிடத்தே புற்றாகிறது. இது ஓராண்டு ஈராண்டில் நடப்பதன்று. பல பத்தாண்டுப் பயணம். இப்பயணம் நெடுகிலும், புற்று தோன்றுவதற்கு வெகுமுன்னரே, சவ்வின் உயிரணுக்களில் மெதில் ஒட்டல் மிகுந்துவருவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். சிலரிடத்தே எழுத்துப் பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1 என்னும் மரபணுவே இவ்வாறு ஒட்டிப்போகிறது. திருத்துபவன் வாய்மூடினால் பிழைகள் பெருகுவதற்குக் கேட்கவேண்டுமா?

இதிலே நற்செய்தி ஒன்றும் அடங்கியுள்ளது. மாறிவிட்ட எழுத்து மீளாது. ஒட்டிய ஏடோ ஓரளவு பிரியக்கூடும். கிருமியை மருந்தால் அகற்றிய பின் சவ்வின் மெதில் ஒட்டல் குறைவதை அளந்து கண்டுள்ளனர். முற்றிலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆதலின் இளமையிலேயே அகற்றுவது மேல்.

2014-ல் அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவொன்று 295 இரைப்பைப் புற்றுக்களின் சுவடிகளை ஆராய்ந்து, அவற்றை நான்காகப் பிரித்தது. எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸோடு சேர்ந்து மெதில் ஒட்டல் மிக மிகுந்தவை 100-க்கு 9. திருத்தும் மரபணு செயலிழந்தவை 22. சுவடியின் அமைப்பு பெரிதும் குலையாதவை, பெரும்பாலும் பரவு வகையைச் சேர்ந்தவை 20. ஏடுகள் கட்டுக்கட்டாகச் சிதறியும் இரட்டித்தும் போனவை 50. இப்பிரிவு வெறும் ஏட்டுக் கல்வியன்று. திருத்தும் மரபணு இழந்த புற்றுக்கு உடலின் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் நன்கு வேலை செய்கின்றன. எச்.இ.ஆர்.2 என்னும் மரபணு பெருகிய புற்றுக்கு அதற்கென்றே உள்ள மருந்து ஆயுளை நீட்டுவதை 2010-ல் மெய்ப்பித்தனர். எனவே, வீட்டில் எவருக்கேனும் இந்நோய் கண்டால், இச்சோதனைகள் செய்யப்பட்டனவா என்று மருத்துவரைக் கேட்க நாம் தயங்க வேண்டா.

நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்து வாழ்வோர் அறியவேண்டிய ஆராய்ச்சி ஒன்றுண்டு. இரைப்பைப் புற்று மிகுந்த ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களைப் பற்றி 1968-ல் ஹென்செல், குரிஹாரா என்னும் இருவர் எழுதினர். குடியேறிய தலைமுறை தாய்நாட்டின் நோயளவைப் பெரும்பாலும் உடன்கொண்டு சென்றது. அங்கே பிறந்த பிள்ளைகளிடம் அது குறைந்தது. இரத்தம் ஒன்றே, இடமும் உணவும் இளமைச் சூழலும் வேறு. நோய் முழுவதும் இரத்தத்தில் எழுதப்பட்டதாயின் இவ்வாறு குறைந்திருக்குமா?

நம் நாட்டில் இந்நோய் மிகுந்த இடம் மிசோரம். புகையிலையும் புகையூட்டிக் காத்த இறைச்சியும் அங்குள்ள காரணங்களுள் சேர்த்து எண்ணப்படுகின்றன. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களுக்கு வரும் புற்றுக்களுள் இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்வரிசையில் நின்றது. ஆதலின் ஊரிலிருந்து வரும் பொட்டலத்தைப் பற்றி ஒரு சொல். நார்த்தங்காயும், மாவடுவும், மோர்மிளகாயும், கருவாடும் அயலூரில் வாழும் நமக்கு நாவின் சுவை மட்டுமல்ல, தாய்வீட்டின் மணம். அவற்றை விலக்குமாறு நாம் கூறவில்லை. ஆனால் மிகு உப்பு இரைப்பைச் சவ்வைப் புண்படுத்திக் கிருமிக்குத் துணைபோகிறது. தொட்டுக்கொள்வதற்குத்தான் ஊறுகாய், அதுவே கறியாகிவிடலாகாது. காய்கனிகள் இலையில் மிகட்டும். புகையிலை எவ்வடிவிலும் வேண்டா; மதுவும் அவ்வாறே.

அன்பரைப் போன்றோர்க்கு மிக நெருங்கிய ஆய்வு 2020-ல் கொரியாவிலிருந்து வந்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தார்க்கோ இரைப்பைப் புற்று வந்து, தமக்கும் கிருமி உள்ள 1,676 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குக் கிருமியை அகற்றும் மருந்தும் மறு பகுதிக்கு வெறும் மாத்திரையும் தந்து, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கவனித்தனர். மருந்துண்டோருள் 10 பேருக்கும், உண்ணாதோருள் 23 பேருக்கும் புற்று கண்டது. குடும்ப நோய் எனப்பட்டது, மருந்தினால் பாதிக்கு மேல் குறைந்தது! ஒரே வீட்டில் வளர்ந்தோர் மரபணுவை மட்டுமல்ல, கிருமியையும் உப்புப் பழக்கத்தையும் சேர்த்தே பங்கிட்டுக்கொள்கின்றனர் என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே நாம் கூறுவது இது. தாய் தந்தையர் உடன்பிறந்தாருள் எவருக்கேனும் இந்நோய் வந்திருப்பின், மருத்துவரிடம் சென்று கிருமிச் சோதனை செய்துகொள்ளுங்கள். மூச்சு வழியாகவும் மலத்தின் வழியாகவும் எளிதில் செய்யலாம். கிருமி இருந்தால் மருத்துவர் குறித்த மருந்துகளை, குறித்த நாள் முழுவதும் உண்ணுங்கள்; பின் மீண்டும் சோதித்து, நீங்கியது என உறுதி பெறுங்கள். மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கி உண்பது தகாது; நம் நாட்டில் பல மருந்துகளுக்கு இக்கிருமி இணங்குவதில்லை. குடும்பத்தில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ நோய் வந்து ஒருவருக்கேனும் பரவு வகையாக இருந்தாலும், 50 வயதுக்குள் பரவு வகை வந்திருந்தாலும், மரபணு ஆலோசனை பெறுங்கள். விழுங்கத் தடை, காரணமின்றி எடை குறைதல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், ஓயாத வாந்தி, கரிய மலம், இரத்தச் சோகை ஆகியவற்றுள் ஒன்று காணினும், வாயு என்று எண்ணி மாதக்கணக்கில் சோடாவும் மாத்திரையும் குடித்துக் காலம் போக்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன் ஒரு வேலை உண்டு. ஊரில் இருக்கும் முதியோரிடம் கேளுங்கள். எவர், எந்த வயதில், எந்நோயால் மறைந்தார் எனக் குறித்துவையுங்கள். இரண்டு மூன்று தலைமுறையாக வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் இச்செய்திகள் முதியோரோடே மறைந்துவிடுகின்றன. மவோரிக் குடும்பத்தைக் காத்தது மருத்துவம் மட்டுமல்ல. அவர்கள் மறவாமல் வைத்திருந்த வம்சாவளியுமே.

இதனை அச்சுக்குத் தரும் நேரத்தில் அன்பர் மீண்டும் வந்தார். தமையனார் வீட்டுப் பெட்டியில் தந்தையாரின் பழைய மருத்துவக் காகிதங்கள் அகப்பட்டனவாம். அதில் குடல் வகை என எழுதப்பட்டிருந்தது. மருத்துவர் அதனைப் படித்துவிட்டு, மரபணுச் சோதனை இப்போது வேண்டுவதில்லை என்றும், கிருமிச் சோதனையும் உள்நோக்குச் சோதனையும் செய்வோம் என்றும் கூறியுள்ளார். முடிவு இன்னும் வரவில்லை. உடன்பிறந்தார் மூவருக்கும் அவர் கடிதம் எழுதிவிட்டார். வரன் வீட்டாருக்கும் உள்ளதை உள்ளவாறே சொல்லிவிட்டாராம்.

"அவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று வினவினோம்.

"பிள்ளையின் தாயார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் தகப்பனாரும் வயிற்று நோயால்தான் போனார், என்ன நோய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்" என்றார் அன்பர்.